பச்சையில் ஒரு மருந்து, அவித்தால் இன்னொரு மருந்து: கிழக்காசிய மருந்து வேர்கள்

கேள்வி இது: சீன, கொரிய, ஜப்பானிய மருத்துவத்தில் ஏன் எங்கே பார்த்தாலும் வேராகவே இருக்கிறது? ஜின்செங் மாதிரியான வேர்களுக்கு உண்மையிலேயே குணம் உண்டா? இப்போது இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, வாங்கிச் சாப்பிடலாமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குணம் உண்டு, சிலவற்றுக்கு நன்றாகவே உண்டு. ஆனால் அந்த மருத்துவத்தில் செடியின் பெயரைச் சொன்னால் மருந்தில் பாதியைத்தான் சொன்னதாக அர்த்தம். எந்த மண்ணில் விளைந்தது, எத்தனை வயதில் தோண்டினார்கள், வேரின் எந்தப் பகுதி, தோண்டிய பிறகு என்ன பதம் செய்தார்கள் என்பதெல்லாம் மீதிப் பாதி. இணையத்தில் வரும் பொட்டலத்தில் பெரும்பாலும் காணாமல் போயிருப்பது அந்த மீதிப் பாதிதான். அதனால் வாங்குவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன் வேர்களைக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்க வேண்டும்.

ஏன் வேர்? சீனாவின் வடக்கிலும் கொரியாவிலும் மருந்துச் செடிகள் பலவும் குளிர்ப் பிரதேசத்தில், மலைச் சரிவுகளில் வளர்பவை. பனிக்காலத்தில் இலையும் தண்டும் மடிந்துவிடும். செடி உயிரோடு கிடப்பது மண்ணுக்கடியில்தான். அடுத்த வசந்தத்தில் துளிர்க்கத் தேவையான மாவும் சர்க்கரையும் வேரில் சேர்கின்றன; பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்கச் செடி உண்டாக்கும் கசப்புகளும் நஞ்சுகளும் அங்கேயே சேர்கின்றன. பழைய சீன மருந்து நூல்கள் பல வேர்களைச் சந்திர மாதக் கணக்கில் இரண்டாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ தோண்டச் சொல்வது இதனால்தான். ஒன்று துளிர் கிளம்புவதற்கு முன்னால், இல்லையென்றால் இலை வாடத் தொடங்கிய பின்னால்.

இன்னொரு காரணம் வெறும் வியாபாரம். பூவும் இலையும் சீக்கிரம் சத்திழந்துவிடும்; காய்ந்த வேர் மாதக்கணக்கில் ஒட்டக முதுகிலும் கப்பலிலும் பயணம் போகும். எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஜப்பானின் நாரா நகரில் ஒரு சான்று இருக்கிறது. 756-இல் ஷோமு பேரரசர் இறந்தபோது, பேரரசி கோம்யோ 60 வகை மருந்துச் சரக்குகளைத் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்குக் காணிக்கையாக வைத்தார். நோயுற்றவர்களுக்குத் தேவைப்பட்டால் எடுத்துக் கொடுக்கலாம் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. ஷோசோயின் என்ற மரக் களஞ்சியத்தில் அவற்றில் பல இன்னும் இருக்கின்றன: ஜின்செங், அதிமதுரம், ரேவல் சின்னி எல்லாம். அந்த அதிமதுரத்தைச் சோதித்தபோது அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் 1,200 ஆண்டுகள் கழித்தும் மிஞ்சியிருந்தது.

சரி, பதம் என்கிறேனே, அது என்ன? நமக்கு இதை விளக்கத் தூரம் போக வேண்டாம். இஞ்சியும் சுக்கும் ஒரே கிழங்குதான், ஆனால் நம் பாட்டிமார்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்ததில்லை. சீன மருத்துவத்திலும் அப்படியே: பச்சை இஞ்சி வியர்வையைக் கிளப்பி ஜலதோஷத்தை வெளியே தள்ளுவது, சுக்கு வயிற்றின் உள்குளிரைப் போக்குவது. இரண்டும் மருந்துப் பட்டியலில் தனித்தனிச் சரக்குகள். உலரும்போது இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால்களில் ஒரு பகுதி ஷோகால்களாக மாறுகிறது என்று இன்றைய வேதியியல் சொல்கிறது. மாற்றம் நாக்குக்குத் தெரிந்தது முதலில், சோதனைக்கூடத்துக்குத் தெரிந்தது பிறகு.

இதே கதை பெரிய அளவில் நடப்பது டிஹுவாங் என்ற வேரில். ஹெனான் மாகாணத்தில் மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே உள்ள ஜியாவ்ஸுவோ பகுதிதான் இதற்குப் பேர்போன இடம். அந்த வட்டாரத்தின் நான்கு புகழ்பெற்ற மருந்துச் சரக்குகளில் மூன்று மண்ணுக்கடியில் விளைபவை. ஒன்று டிஹுவாங், இன்னொன்று சீன வள்ளிக்கிழங்கு, மூன்றாவது நம் நாயுருவிக்கு நெருங்கிய சொந்தமான ஒரு செடியின் வேர். நான்காவது மட்டும் பூ, சாமந்தி. டிஹுவாங்கைத் தோண்டி வெறுமனே உலர்த்தினால் அது உடல் சூட்டைத் தணிக்கும் குளிர்ச்சி மருந்து. அதையே அரிசி மதுவில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, வெயிலில் காயவைத்து, மறுபடி அவித்து, மறுபடி காயவைத்து, மரபுப்படி ஒன்பது முறை செய்தால், வேர் கரேலென்று கருத்து, பிசுபிசுத்து, இனிப்பாக மாறும். இப்போது அது ரத்தத்தைப் போஷிக்கும் வெதுவெதுப்பான மருந்து. பச்சை வேரிலுள்ள காடல்போல் என்ற பொருள் அவிக்கும்போது பெருமளவு சிதைந்துபோகிறது. பெரிய சர்க்கரை மூலக்கூறுகள் உடைந்து சின்னச் சர்க்கரைகளாகின்றன. எனவே குளிர்ச்சி, சூடு என்று அவர்கள் வகுத்ததன் பின்னால் உண்மையான பொருள் மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. அந்த வகுப்பு முழுவதும் சரி என்று இதனால் நிரூபணமாகிவிடாது. ஆனால் இரண்டும் வேறு வேறு சரக்கு என்று பிரித்து வைத்ததில் அவர்கள் தப்பு செய்யவில்லை.

இனி எல்லாரும் கேட்கும் ஜின்செங். சீனாவின் மிகப் பழைய மருந்து நூலான ஷென்னோங் பென்ட்ஸாவ் ஜிங் 365 சரக்குகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. நெடுநாள் உண்டாலும் தீங்கில்லாதவை மேல்படி, நோய் தீர்க்கும் வீரியமான நச்சுச் சரக்குகள் கீழ்ப்படி. ஜின்செங் மேல்படியில் இருக்கிறது. இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வரும் வேர் கீழ்ப்படியிலிருந்து வருவது.

ஜின்செங் மிக மெதுவாக வளரும் செடி. விதை பழுத்து விழும்போது அதற்குள் கரு முழுசாக வளர்ந்திருக்காது, முளைக்கவே ஒன்றரை ஆண்டு ஆகும். நேர் வெயில் ஆகாது. அதனால்தான் கொரியாவின் கும்சான் பக்கம் போனால் மலையடிவாரமெங்கும் சரிந்த கூரைப் பந்தல்கள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒரு வயல் ஒருமுறை ஜின்செங் விளைந்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு அதே மண்ணில் அந்தச் செடி சரியாக வராது, வேரழுகல் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஈடுகொடுக்கும் கும்சானின் சாகுபடி முறையை ஐநாவின் உணவு வேளாண் நிறுவனம் 2018-இல் உலக முக்கியத்துவமுள்ள வேளாண் மரபாக அங்கீகரித்தது.

நல்ல ஜின்செங் வேரைக் கையில் எடுத்தால் மேலே கழுத்து போன்ற ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதில் குழிகுழியாகத் தழும்புகள். ஒவ்வொரு ஆண்டும் தண்டு காய்ந்து உதிர்ந்த இடம் ஒவ்வொரு தழும்பு. எண்ணினால் வயது தெரிந்துவிடும். காட்டு வேர் என்றால் இந்தக் கழுத்து நீண்டு, முறுக்கிக்கொண்டு, தழும்புகள் நெருக்கமாக இருக்கும். வேரின் தோள்பட்டையில் மெல்லிய வளையக் கோடுகள் இறுக்கமாகச் சுற்றியிருக்கும். தோட்டத்து வேர் கொழுகொழுவென்று, கழுத்து குட்டையாக இருக்கும். காட்டு வேர் தேடிப் போகும் கொரியர்கள் அதைக் கண்டவுடன் சொல்லும் ஒரு கூவல் உண்டு: "சிம்பத்தா!" அப்புறம் சல்லிவேர் ஒன்றுகூட அறாமல் தோண்டுவார்கள், ஏனென்றால் அறுந்தால் விலை போய்விடும். மாத்திரைக்குள் அடைத்த பொடியில் இந்தக் கழுத்து, தழும்பு, சல்லிவேர் எதையும் நீங்கள் பார்க்க முடியாது என்பதைக் கவனியுங்கள்.

பதத்துக்கு வருவோம். பறித்த ஜின்செங்கில் முக்கால் பங்கு தண்ணீர். அப்படியே தோல் சீவி உலர்த்தினால் வெள்ளை ஜின்செங். ஆறு ஆண்டு வேரைத் தோலோடு மணிக்கணக்கில் ஆவியில் அவித்து உலர்த்தினால் செம்பழுப்பாக, கண்ணாடி மாதிரி கெட்டியாக மாறும். அதுதான் சிவப்பு ஜின்செங். 1123-இல் கொரியாவுக்கு வந்த சீனத் தூதர் சூ ஜிங் இரண்டு வகையையும் பார்த்துவிட்டு, பச்சையாக உலர்த்தியது கோடையில் பூச்சி அரித்துப்போகிறது, வேகவைத்தது நெடுநாள் தாங்குகிறது என்று எழுதி வைத்தார். கெடாமல் வைக்கத் தொடங்கிய வேலைதான் இது. ஆனால் அவிக்கும்போது வேறொன்றும் நடக்கிறது. ஜின்செங்கின் முக்கியப் பொருள்களான ஜின்செனோசைடுகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. சூட்டில் அவற்றின் சர்க்கரைப் பிணைப்புகள் அறுந்து, பச்சை வேரில் ஏறக்குறைய இல்லாத ஆர்ஜி3 போன்ற புது மூலக்கூறுகள் பிறக்கின்றன. கொரிய அரசு சிவப்பு ஜின்செங் வியாபாரத்தை 1996 வரை தன் தனியுரிமையாக வைத்திருந்தது என்றால் அந்த வேரின் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி வரலாறுதான். சீனப் பேரரசர் காங்ஷிக்காக மஞ்சூரியாவை வரைபடமாக்கப் போன ழார்த்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார், 1711-இல் எழுதிய கடிதத்தில் ஜின்செங் வளரும் காட்டை விவரித்துவிட்டு, உலகில் வேறெங்காவது இது இருக்குமென்றால் கனடாவில்தான் இருக்கும், காடும் மலையும் அப்படியே ஒத்திருக்கின்றன என்று சொன்னார். அதைப் படித்த லஃபித்தோ என்ற இன்னொரு பாதிரியார் மொஹாக் பழங்குடி மக்களிடையே தேடி, 1716-இல் மாண்ட்ரியல் அருகே அமெரிக்க ஜின்செங்கைக் கண்டுபிடித்தார். கனடாவை நேரில் பார்க்காத ஒருவர், நிலத்தின் ஒற்றுமையை வைத்தே ஊகித்தது பலித்தது! 1784-இல் அமெரிக்காவிலிருந்து சீனாவுக்குப் போன முதல் வணிகக் கப்பலில் சுமார் 30 டன் ஜின்செங் ஏறியது. ஆனால் சீனத் துறைமுகமான கான்டனின் மருந்துக்கடைக்காரர்கள் அதைக் கொரிய வேருக்கு மாற்றாக நினைக்கவில்லை. கொரிய வேர் சூடு, அமெரிக்க வேர் குளிர்ச்சி என்று தனியாக வைத்தார்கள். இரண்டிலும் ஜின்செனோசைடுகளின் விகிதம் வேறுபடுகிறது என்பது இப்போது தெரிந்த விஷயம். இந்த ஏற்றுமதியில் காடு காலியானதால் 1975 முதலே அமெரிக்க ஜின்செங் அழியும் உயிரினங்களின் வர்த்தக ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது.

வேலை செய்யுமா? சர்வரோக நிவாரணி என்பதெல்லாம் விளம்பரம். களைப்புக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. புற்றுநோய் சிகிச்சையால் சோர்ந்தவர்களுக்கு நாளைக்கு 2 கிராம் அமெரிக்க ஜின்செங் கொடுத்துப் பார்த்த சோதனை ஒன்று 2013-இல் வெளியானது; எட்டு வாரத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரை உண்டவர்களைவிடக் களைப்பு குறைந்திருந்தது. ஞாபகசக்தி, ஆண்மை, சர்க்கரை என்று அடுக்குவதற்கெல்லாம் இதே அளவு பலமான ஆதாரம் இல்லை.

இப்போது கீழ்ப்படிக்கு வருகிறேன். ஃபூஸி. நம் நாவிக் கிழங்கின் உறவு, ஒரே பேரினம். சிச்சுவான் மாகாணத்தின் ஜியாங்யூ இதற்குப் பெயர்பெற்ற ஊர். தாய்க் கிழங்கு ஒன்று, அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளரும் பிள்ளைக் கிழங்குகள் சில. தாய்க் கிழங்கு ஒரு மருந்து, பிள்ளைக் கிழங்கு இன்னொரு மருந்து. ஃபூஸி என்பது பிள்ளை. இரண்டிலும் இருக்கும் அகோனிட்டின் ஒரு சில மில்லிகிராமே ஆளைக் கொல்லும். இதயத்துக்கும் நரம்புக்கும் சமிக்ஞை கடத்தும் சோடியம் வாயில்களை அது மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், கை கால் விறுவிறுக்கும், பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

இவ்வளவு நஞ்சை ஏன் மருந்தாக வைத்தார்கள்? உடல் ஜில்லிட்டு, நாடி அடங்கி, உயிர் பிரியப்போகும் நிலையில் கொடுக்கும் மருந்து அது. அதற்காக நஞ்சை அடக்கும் வழியை நூற்றாண்டுகளாகத் தேடினார்கள். தோண்டிய கிழங்கு உடனே அழுகத் தொடங்கும் என்பதால் உப்பளத்தில் உப்பெடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில், அதாவது பெரும்பாலும் மெக்னீசியம் குளோரைடு கரைந்த நீரில், நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அதே நீரில் உள்ளே வரை வேகும்படி கொதிக்க வைப்பார்கள். தோலை உரித்து, நீளவாக்கில் வில்லைகளாக நறுக்கி, தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, ஆவியில் அவித்து, உலர்த்துவார்கள். பதம் வந்ததா என்று பார்க்கப் பழைய ஆட்களுக்கு ஒரு சோதனை உண்டு: வில்லையில் துளி கிள்ளி நாக்கில் வைப்பது. நாக்கு மரத்துப்போனால் இன்னும் வேக வேண்டும். மரமரப்பே இல்லை, அல்லது லேசாகத்தான் இருக்கிறது என்றால் சரி. நீரும் சூடும் சேர்ந்து அகோனிட்டினின் மூலக்கூறிலிருந்து முதலில் ஒரு துண்டை வெட்டுகின்றன, அப்போதே நஞ்சு பல நூறில் ஒரு பங்காகிவிடும். அடுத்த துண்டும் போனால் இன்னும் குறையும். நாக்கு கண்டுபிடிப்பதும் அந்த வெட்டுப்படாத மூலக்கூறைத்தான். நம் சித்த மருத்துவத்தில் நாவியைக் கோமியத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்யச் சொல்வதும் இதே கிழங்கினத்தை அடக்குவதற்குத்தான்.

பதம் செய்த ஃபூஸியையும் கஷாயத்தில் மற்ற சரக்குகளுக்கு முன்னால் தனியாகப் போட்டு அரைமணி, ஒருமணி கொதிக்கவிட்ட பிறகே மற்றவற்றைச் சேர்ப்பார்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். யுன்னானில் குளிர்காலத்தில் இந்தக் கிழங்கை இறைச்சியோடு போட்டுச் சமைத்து உண்ணும் வழக்கத்தால் இன்றும் சாவு நடக்கிறது. மூட்டுவலிக்கு மேலே தேய்க்கச் சாராயத்தில் ஊறவைத்த பச்சைக் கிழங்குத் தைலத்தைத் தெரியாமல் குடித்தும் இறந்திருக்கிறார்கள். சாராயம் நஞ்சை நன்றாகக் கரைத்தெடுக்கும், உடைக்காது.

இதே கிழங்கு ஜப்பானில் ஒரு பெரிய காரியத்தில் பங்கெடுத்தது. கீ என்ற பழைய மாகாணத்து மருத்துவர் ஹனவோகா செய்ஷூ, ஊமத்தையை முதன்மையாக வைத்து, நாவிக் கிழங்கும் வேறு சில வேர்களும் சேர்த்து ஒரு மயக்கக் கஷாயம் செய்தார். 1804 அக்டோபர் 13 அன்று அதைக் குடித்து நினைவிழந்த 60 வயதுப் பெண்ணின் மார்பிலிருந்து புற்றுக்கட்டியை அறுத்தெடுத்தார். பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை செய்து காட்டியதற்கு 42 ஆண்டுகள் முன்பு. அளவைக் கண்டுபிடிக்கும் சோதனைகளுக்குத் தன்னையே ஒப்புக்கொடுத்த அவர் மனைவி பார்வை இழந்தார். அந்தப் பெண்மணியை நினைக்காமல் இந்தச் சாதனையைப் பேசக்கூடாது என்பது என் எண்ணம்.

அதிமதுரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் வீட்டுச் சரக்கும்கூட. கிழக்காசியாவில் இதைப்போல் எங்கும் கலக்கும் வேர் இன்னொன்று இல்லை. ஜப்பானில் அரசு மருத்துவக் காப்பீட்டில் கிடைக்கும் 148 கம்போ (ஜப்பானிய மரபு மருத்துவம்) கூட்டு மருந்துகளில் மூன்றில் இரண்டுக்கு மேல் அதிமதுரம் உண்டு. மற்ற சரக்குகளின் முரட்டுத்தனத்தைத் தணித்து ஒன்றுசேர்ப்பது அதன் வேலை. நடுராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதற்கு ஜப்பானிய மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்தில் இரண்டே சரக்குகள்: பியோனி வேரும் அதிமதுரமும். சட்டென்று கேட்கும். ஆனால் அதில் அதிமதுரம் நாளைக்கு 6 கிராம் வரை போகும். அதிமதுரத்தின் இனிப்புப் பொருள் உடலில் மாறி, சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது. விளைவாக உப்பு தேங்கி, பொட்டாசியம் இறங்கி, ரத்த அழுத்தம் ஏறும். வயதானவர்கள், ஏற்கெனவே நீர் மாத்திரை எடுப்பவர்கள் வாரக்கணக்கில் தொடர்ந்தால் தசை தளர்ந்து நடக்கவே முடியாமல் போகலாம். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு மெல்வதற்கும் நாள்தோறும் கஷாயமாகக் குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ரேவல் சின்னி பேதி மருந்து. அதிலும் பதம் நேரத்தில் இருக்கிறது: பேதிக்கு வேண்டுமென்றால் கஷாயத்தில் கடைசியில் போட வேண்டும், நெடுநேரம் கொதித்தால் பேதிக் குணம் குறைந்துவிடும். நம் திருநெல்வேலி நிலாவாரை இலையில் இருக்கும் சென்னோசைடுகளே அந்த வேரிலும் இருக்கின்றன. 1839-இல் சீன ஆணையர் லின் ஜெஷு விக்டோரியா ராணிக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் தேயிலையும் ரேவல் சின்னியும் இல்லாமல் உங்கள் மக்கள் ஒருநாள்கூட வாழ முடியாது என்று சொன்னார் என்றால், அந்த வேரின் வியாபாரம் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்! மாஹுவாங் செடியின் தண்டு வியர்க்க வைக்கும், அதே செடியின் வேர் வியர்வையை நிறுத்தும் என்று இரண்டையும் தனித்தனியே விற்கிறார்கள். டாங்குய் வேரில் தலை, உடல், வால் மூன்றுக்கும் வேறு வேறு உபயோகம் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் போதாது, ஆனால் கடையில் இன்றும் அப்படித்தான் பிரித்து நறுக்குகிறார்கள்.

இதுவரை சரியான வேரைப் பற்றிப் பேசினோம். தப்பான வேர் வந்துவிட்டால் என்ன ஆகும்? 1990-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க வைக்கும் மருத்துவமனை ஒன்று தன் மாத்திரைக் கூட்டில் ஹான் ஃபாங்ஜி என்ற சீன வேரைச் சேர்த்தது. சீனச் சந்தையில் குவாங் ஃபாங்ஜி என்று இன்னொரு வேரும் உண்டு. இரண்டும் முற்றிலும் வேறு குடும்பச் செடிகள். பொடியாக அரைத்துப் பையில் வந்தது இரண்டாவது வேர். அது அரிஸ்டோலோக்கியா இனம். அரிஸ்டோலோக்கிக் அமிலம் நிறைந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் நடுவயதுப் பெண்கள் சிறுநீரகம் செயலிழந்து வரத் தொடங்கினார்கள். 1993-இல் மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். கடைசியில் எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. அவர்களில் 39 பேரின் சிறுநீரகங்களையும் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிப் பார்த்தபோது 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது என்று 2000-இல் தெரியவந்தது. அந்த அமிலம் மரபணுவிலேயே ஒட்டிக்கொள்கிறது, மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆனாலும் புற்று வரலாம். சீனாவும் 2003-2004-இல் இந்த இனத்தின் முக்கியச் சரக்குகளைத் தன் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த இனம் நம்மிடமும் இருக்கிறது. ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அரிஸ்டோலோக்கியாதான், இரண்டிலும் அதே அமிலம் உண்டு. வயிற்றுப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் வீட்டு வைத்தியமாக இவற்றை உள்ளுக்குக் கொடுக்கச் சொல்லும் குறிப்புகள் இன்னும் சுற்றுகின்றன. தயவுசெய்து உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். சிறுநீரகம் வலி காட்டாமல் கெடும், தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். தலைமுறைகளாகச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற வாதம் இங்கே செல்லாது, இருபது ஆண்டுகள் கழித்து வரும் புற்றை யாரும் அந்தக் கஷாயத்தோடு சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நரைமுடிக்காக இப்போது பரவலாக விற்கும் ஹ ஷௌ வூ இன்னொரு எச்சரிக்கை. மரபுப்படி கறுப்பு பீன்ஸ் சாற்றில் நெடுநேரம் அவித்தே கொடுக்க வேண்டிய வேர் அது; பச்சை வேர் பேதிக்குத்தான். ஈரலைப் பாதிக்கிறது என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இலேயே எச்சரித்தது. குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு என்று சீன ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள். உங்களுக்கு அந்த வகை உண்டா என்பது உங்களுக்குத் தெரியாது. முடி கருப்பதற்கு நம்பத்தக்க சோதனை எதுவும் இல்லை. இதை வாங்க வேண்டாம் என்று நேராகவே சொல்கிறேன்.

முறையான தொழிற்சாலையில், தரம் பார்த்துச் செய்த மருந்தும் முழுக்கத் தீங்கற்றதல்ல. ஜப்பானில் ஈரல் அழற்சிக்கு லட்சக்கணக்கானவர்களுக்கு எழுதப்பட்ட ஷோசைகோதோ என்ற கூட்டில் பெரும்பகுதி வேர்கள்தான். 1996-இல் அதனால் 88 பேருக்கு நுரையீரல் அழற்சி வந்து 10 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது. பிரச்சினையைக் கண்டுபிடிக்க முடிந்ததே, அங்கே மருத்துவர் எழுதிக் கொடுத்து, யாருக்கு என்ன ஆனது என்று பதிவும் வைத்திருந்ததால்தான்.

மறுபக்கம், வேர்களிலிருந்து நல்ல மருந்துகளும் வந்திருக்கின்றன. சாங்ஷான் வேர் மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் என்ற பழைய நம்பிக்கை உண்மையாக இருந்தது. அதிலுள்ள ஃபெப்ரிஃப்யூஜின் கிருமியைக் கொல்கிறது, ஆனால் தாங்க முடியாத வாந்தி. அதைச் சற்று மாற்றிச் செய்த ஹாலோஃப்யூஜினோன் இன்று கோழி நோய்க்குப் பயன்படுகிறது. கடுங்கசப்பான ஹுவாங்லியனில் உள்ள பெர்பரின் சீனாவில் பல காலமாக வயிற்றுப்போக்கு மாத்திரை. நம் மரமஞ்சளின் மஞ்சள் நிறமும் அதே பெர்பரின்தான்.

சரி, வாங்கலாமா? வாங்குவதென்றால் பொடியாகவோ மாத்திரையாகவோ வேண்டாம், முழு வேராகவோ நறுக்கிய வில்லையாகவோ வாங்குங்கள். வில்லையில் தோல், வளையம், நார் தெரியும், தெரிந்தவரிடம் காட்டவாவது முடியும். பளீரென்று வெள்ளையாக, மூக்கருகே கொண்டுபோனால் புளித்த, காட்டமான வாடை வந்தால் கந்தகப் புகை போட்டது, விட்டுவிடுங்கள். தாவரவியல் பெயர், வேரின் பகுதி, பச்சையா பதப்படுத்தியதா என்ற விவரம் உறையில் இல்லையென்றாலும் விட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இந்த வேர்கள் எதையும் சொந்தமாகத் தொடக்கூடாது: டான்ஷென் என்ற சீன வேரும் டாங்குயும் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டும், அமெரிக்க ஜின்செங் குறைக்கும், இரண்டுமே ஆபத்து. அழுத்த மாத்திரையோ நீர் மாத்திரையோ எடுப்பவர்கள் அதிமதுரக் கஷாயத்தை வழக்கமாக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கும் எதுவும் வேண்டாம். ஃபூஸியை யாரும், எந்தக் காரணத்துக்கும், வீட்டில் கொதிக்க வைத்துக் குடிக்காதீர்கள்.

ஜின்செங்கின் ருசியாவது பார்க்க வேண்டும் என்று ஆசையிருந்தால் கொரியர்கள் செய்வதைச் செய்யுங்கள். கோடையின் உச்சத்தில் வரும் மூன்று குறிப்பிட்ட நாள்களில், இளம் கோழியின் வயிற்றில் பசையரிசி, பூண்டு, இலந்தை வகைப் பழம், கூடவே சின்ன ஜின்செங் வேர் ஒன்றை வைத்துக் கட்டி, மணிக்கணக்கில் மெதுவாக வேகவைத்துக் குடிப்பார்கள். சம்கேதாங் என்று பெயர். வேர் மண்வாசத்தோடு லேசாகக் கசந்து, பின்னால் இனிக்கும். மேலே சொன்ன மாத்திரைகளெல்லாம் எடுக்காத, ஆரோக்கியமான ஒருவர் எப்போதாவது இப்படிச் சாப்பிடுவதில் பயப்பட ஒன்றுமில்லை.